தேன்கையன் தேசத்தில்

கரடிக்குப் பின்லாந்து மக்கள் வைத்திருக்கும் பெயர்களை எண்ணி முடிப்பது கஷ்டம். 'ஒத்ஸோ' என்பார்கள், 'கொந்தியோ' என்பார்கள், 'மெஸிகம்மன்', அதாவது 'தேன்கையன்' என்பார்கள், 'காட்டின் ஆப்பிள் பழமே' என்றுகூடச் செல்லமாக அழைப்பார்கள். இன்று பள்ளிக்கூடப் புஸ்தகங்களில் கரடிக்கு உரிய பெயராக வழங்கும் 'கர்ஹு' என்னும் சொல்லும், பாஷைப் பண்டிதர்களைக் கேட்டால், முரட்டு ரோமத்தைக் குறித்து வந்த மாற்றுப் பெயர்தான் என்கிறார்கள். உண்மைப் பெயரை வாய்விட்டுச் சொன்னால் காடு கேட்டுக்கொண்டிருக்கும், பெயருக்கு உடையவர் நேரில் வந்து நிற்பார் என்பது முன்னோர்களின் நம்பிக்கை. வேட்டையில் கரடியைக் கொன்றுவிட்டால் அதைக் கொன்றதாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கிராமத்துக்கு விருந்தாளியாக அழைத்து வந்ததாகப் பாவித்து, ஊர் கூடி விருந்து நடத்தி, பாட்டுப் பாடி, கடைசியில் மண்டையோட்டை ஒரு பைன் மரத்தின் உச்சிக் கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள். அங்கிருந்து அது வந்த இடமாகிய வானத்துக்குத் திரும்பிப் போய்விடுமாம்.

காட்டுக்கு அதிபதி தப்பியோ என்னும் தெய்வம். பாசி படர்ந்த தாடி உடையவர். அவருடைய அனுமதி இல்லாமல் உள்ளே போகிறவனைக் காடு 'மூடிக்கொள்ளும்' என்பது அந்நாளைய பயம். தெரிந்த பாதையிலேயே வழி தவறும். தேடி வருகிறவர்கள் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியான். அதற்குப் பரிகாரம், சட்டையைக் கழற்றி உள்புறம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டுக்கொள்வது! இதையெல்லாம் இன்று யாரும் நம்புவதில்லை என்று நாம் சந்தித்த படித்தவர்கள் அனைவரும் உறுதியாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர், சென்ற வருஷம் காளான் பறிக்கப் போய் வழி தவறியபோது சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்ததாகவும், 'தற்செயலாக' வழி கிடைத்துவிட்டதாகவும் சொன்னார்.

பின்லாந்தின் தரையில் ஏறக்குறைய முக்கால் பங்கு காடு. மீதியில் பெரும் பகுதி ஏரி என்று சொல்லிவிடலாம். சிறியதும் பெரியதுமாக 1,88,000 ஏரிகளைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஜனத்தொகை 56 லட்சம்தான். ஹெல்ஸிங்கி நகரத்து ரெயில் நிலையத்தில் வண்டி ஏறினால் அரை மணிக்குள் வீடுகள் தீர்ந்துபோகின்றன. பிறகு பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச். பிர்ச், ஸ்ப்ரூஸ், பைன். இடையில் ஒரு வெள்ளித் தகடு போல் ஏரி. மறுபடியும் பிர்ச். நாலு மணி நேரம் இதே காட்சி. நம்முடன் வந்த நண்பர் இரண்டாவது மணியில் தூங்கிவிட்டார்; அவர் மீது குற்றமில்லை.

ரெயில் ஏறுமுன் நிலையத்துக்கு எதிரிலேயே உள்ள அதெனேயும் சித்திரசாலைக்குப் போய் ஒரே ஒரு படத்தின் முன் வெகு நேரம் நின்றோம். ஏரோ யார்னெபெல்ட் என்னும் சித்திரக்காரர் 1893-ம் ஆண்டில் தீட்டியது. மலைச்சரிவில் மரங்களை வெட்டிச் சாய்த்து, நெருப்பு வைத்து எரித்துக்கொண்டிருக்கிறார்கள் கூலிக் குடியானவர்கள். அந்தச் சாம்பலில் கம்பு போன்ற ரை தானியத்தை விதைப்பார்கள். சில வருஷத்தில் மண்ணின் சாரம் போனதும் வேறு காட்டுக்குப் போவார்கள். படத்தின் நடுவில் ஒரு சிறு பெண். முகமெல்லாம் கரி. கந்தல் உடை. கையில் ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு, வேலையை நிறுத்தி, படத்தைப் பார்க்கிற நம்மையே பார்க்கிறாள். இயற்கை அழகு, வன தேவதை என்றெல்லாம் மனத்தில் கற்பனை செய்துகொண்டு பின்லாந்துக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் இந்தப் பெண்ணின் கண்களைச் சந்தித்துவிட்டுப் போவது நல்லது. காடு அந்த ஜனங்களுக்கு முதலில் வயிற்றுப்பாடாக இருந்தது. அழகு பின்னால் வந்தது.

அழகு வந்த இடத்தையும் பார்த்தோம். கிழக்கே பியலினன் என்னும் பெரிய ஏரியின் கரையில் கோலி என்று ஒரு மலை. உயரம் 347 மீட்டர்தான். மலை நாட்டார் சிரிப்பார்கள். ஆனால் வெள்ளைப் படிகப் பாறை உச்சியில் நின்று பார்க்கும்போது கீழே ஏரியும், ஏரிக்குள் தீவுகளும், தீவுகளுக்கு அப்பால் நீலமாக மங்கிக்கொண்டே போகும் காடும், இதற்கு முடிவே இல்லையோ என்று தோன்றும். மேலே சொன்ன யார்னெபெல்ட் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வந்து தீட்டினார். அவருடைய சகோதரியை மணந்த ஸிபேலியஸ் என்னும் சங்கீத மேதை 1909-ம் ஆண்டில் இங்கே வந்து பாறைமேல் உட்கார்ந்து போனார். அவருடைய நான்காவது ஸிம்பொனியில் இந்த மலையின் நிழல் விழுந்திருப்பதாகச் சொல்வார்கள். கோலியைச் சுற்றிய காட்டை 1991-ல் தேசியப் பூங்காவாக்கிவிட்டார்கள். அதிலே ஒரு விசித்திரம்: பழைய முறை மறந்து போகாதிருக்க, இன்றும் கோடையில் ஒரு துண்டுக் காட்டை அதிகாரிகளே வெட்டி, எரித்து, ரை விதைக்கிறார்கள்.

ஒரு மலைக் காட்சி ஒரு தேசத்தின் கொடி மாதிரி ஆனது எப்படி? இதற்கு விடை தேடினால் பாஷையின் கதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஏறக்குறைய 600 வருஷம் பின்லாந்து ஸ்வீடனின் ஆட்சியில் இருந்தது. 1809-ல் ருஷ்யச் சக்கரவர்த்தியின் கைக்கு மாறிற்று. நீதிமன்றம், சர்வகலாசாலை, நாகரிக வீட்டுக் கூடம் எங்கும் ஸ்வீடிஷ் பாஷைதான். பின்னிஷ் பாஷையோ குடியானவன் மாட்டோடும் மரத்தோடும் பேசுவதற்கு உரியது என்று வைத்திருந்தார்கள். எலியாஸ் லோன்ரோத் என்பவர் ஓர் ஏழைத் தையற்காரரின் மகன். வைத்தியம் படித்து வடக்கே கயானி என்னும் சிற்றூருக்கு டாக்டராகப் போனார். விடுமுறை கிடைத்த போதெல்லாம் கால்நடையாகவும், படகிலும், பனிச்சறுக்குக் கட்டையிலும் ருஷ்ய எல்லைக்கு அப்பால் கரேலியாக் கிராமங்களுக்குப் போய், குடியானவர்கள் பாடும் பழம் பாட்டுக்களை எழுதிக்கொண்டார். 1834-ம் ஆண்டு வசந்தத்தில் லத்வயார்வி என்னும் குக்கிராமத்தில் ஆர்ஹிப்பா பெர்த்துனன் என்ற முதியவர் மூன்று நாளில் அவருக்குப் பாடிக் காட்டியது 4,000 வரிக்கு மேல். இப்படிச் சேர்த்தவற்றைக் கோத்து 1835-ல் 'கலேவலா' என்ற காவியத்தின் முதற் பதிப்பையும், 1849-ல் 22,795 வரிகள் கொண்ட பெரும் பதிப்பையும் லோன்ரோத் வெளியிட்டார். மாட்டுக்காரன் பாஷையில் காவியமா என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1863-ல் பின்னிஷ் பாஷைக்கும் சம அந்தஸ்து தர உத்தரவு பிறந்தது.

காவியத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பாடிக் கொடுத்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. லாரின் பராஸ்கே என்று ஒரு ஸ்திரீ. 1833-ல் பிறந்தவள். படிப்பு வாசனை இல்லாதவள். அநாதைக் குழந்தைகளைக் கூலிக்கு வளர்த்தும், ஆற்றில் படகிழுத்தும் ஜீவனம் செய்தாள். அவளிடமிருந்து ஒரு பாதிரியார் எழுதிக்கொண்ட பாட்டுக்கள் 32,000 வரிகளுக்கு மேல். கலேவலா முழுவதையும்விட அதிகம்! 1891-ல் இளைஞரான ஸிபேலியஸ் அவள் பாடுவதைக் கேட்கப் போனார். சித்திரக்காரர்கள் போட்டி போட்டு அவளைப் படமாக எழுதினார்கள். 1904-ல் அவள் இறந்தாள், வறுமையிலேதான் இறந்தாள்.

இந்தப் பழம் பாட்டுக்களின் அமைப்பு நம்மவர்களுக்கு அதிசயமாக இருக்கும். பெரும்பாலான அடிகளில் சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்கி ஒலிக்கும். நாம் மோனை என்று சொல்வதுதான். பாஷையின் போக்கும் அப்படியே. வேற்றுமை உருபுகள் எல்லாம் சொல்லின் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன; அப்படிப் பதினைந்து வேற்றுமைகள் உண்டு. இந்த ஒற்றுமையைக் கண்டு கால்டுவெல் தமது 1856-ம் ஆண்டு ஒப்பிலக்கணத்திலேயே திராவிட பாஷைகளுக்கும் பின்னிஷ் முதலியவற்றுக்கும் உறவு உண்டோ என்று ஆராய்ந்தார். இன்றைய பண்டிதர்கள் அந்த உறவை ஒப்புவதில்லை. ஆனால் வேறொரு வழியில் உறவு ஏற்பட்டிருக்கிறது. ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் வாழ்நாள் முழுவதும் சிந்துவெளி எழுத்துக்களை ஆராய்ந்து, அவை திராவிட பாஷை ஒன்றை எழுதியவையாக இருக்க வேண்டும் என்று வாதிட்டவர் அஸ்கோ பர்ப்போலா என்ற பின்லாந்து அறிஞர். 2010-ல் கோயம்புத்தூரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் அவருக்குப் பரிசளித்துக் கௌரவித்தார்கள்.

பாஷை தலை நிமிர்ந்தால் தேசமும் நிமிரும் அல்லவா? 1899 பிப்ரவரியில் ருஷ்யச் சக்கரவர்த்தி பின்லாந்தின் உரிமைகளைப் பறித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். கடுங்குளிர் காலம். ரெயில் இல்லாத, பாதை இல்லாத கிராமங்கள். மாணவர்களும் குடியானவர்களும் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு காட்டு வழியே வீடு வீடாகச் சென்று, சுமார் இரண்டு வாரத்துக்குள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துக்களைச் சேர்த்துவிட்டார்கள். ஐந்நூறு பேர் கொண்ட தூதுகோஷ்டி அதைத் தலைநகருக்கு எடுத்துக்கொண்டு போயிற்று. சக்கரவர்த்தி பேட்டி கொடுக்கவே மறுத்துவிட்டார். அந்த வருஷத்திலேதான் ஸிபேலியஸ் 'பின்லாந்தியா'வை இயற்றினார். அதிகாரிகள் கண்ணில் படாமலிருக்க வேறு வேறு பெயரில் அதை வாசித்தார்கள். கோலி மலையின் பெரும் படங்களில் ஒன்றை யார்னெபெல்ட் எழுதியதும் அதே 1899-ல்தான். கொடி பிடிக்க முடியாத காலத்தில் ஏரியையும் காட்டையும் எழுதிக் காட்டுவது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். சுதந்திரம் 1917 டிசம்பர் 6-ம் தேதி வந்தது.

கோலியிலிருந்து தெற்கே இறங்கி, ஸவோன்லின்னாவுக்கு அருகில், ஸைமா என்னும் மகா ஏரியின் கரையில் ஒரு குடும்பத்தாருடன் நாலு நாள் தங்கினோம். வீட்டுக்காரக் கிழவருக்கு எண்பத்தெட்டு வயது. மனைவிக்கு ஒரு வயது குறைவு. அவர்களுடைய மகள், ஓய்வு பெறும் தறுவாயில் உள்ள பள்ளிக்கூட ஆசிரியை, நம் நண்பருக்கு அறிமுகமானவர். அவரே நமக்குத் துபாஷி. கிழவர் முதல் நாள் நம்மிடம் மொத்தம் எட்டு வார்த்தை பேசினார் என்று நினைக்கிறோம். அது அலட்சியம் அல்லவென்றும், அந்த நாட்டில் இரண்டு பேர் சேர்ந்து சும்மா இருப்பதுகூட ஒரு சம்பாஷணைதான் என்றும் மகள் விளக்கினார்.

வீட்டைச் சுற்றிலும் காடு. எல்லைக் கல்லோ வேலியோ கண்ணில் படவில்லை. கிழவருடைய காட்டில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். "உங்கள் காட்டில் இவர்கள் யார்?" என்று கேட்டோம். கிழவருக்கு நம் கேள்வியே விளங்கவில்லை. பிறகு மகள் சொன்னார்: பிறர் நிலமானாலும் அதில் நடக்கவும், பனிச்சறுக்கு விளையாடவும், ஓர் இரவு கூடாரம் அடிக்கவும், பழமும் காளானும் பூவும் பறிக்கவும் யாருக்கும் உரிமை உண்டு, 'எல்லாருடைய உரிமை' என்றே அதற்குப் பெயர். சொந்தக்காரன் அனுமதி வேண்டியதில்லை, வாடகையும் இல்லை. ஆனால் வீட்டு முற்றத்தை நெருங்கக்கூடாது, பயிரை மிதிக்கக்கூடாது, மரக்கிளை ஒடிக்கவோ பாசியைப் பெயர்க்கவோ, கேளாமல் நெருப்பு மூட்டவோ கூடாது. பறித்த காட்டுப் பழத்தை விற்றுச் சம்பாதித்தால் அதற்கு வரிகூட இல்லை. அவுரிநிறத்து 'முஸ்திக்கா'வும், சிவந்த 'புவொலுக்கா'வும், வடக்கே சதுப்பு நிலத்தில் பொன்போல் விளையும் 'லக்கா'வும் இப்படிப் பொதுச் சொத்து.

பொதுச் சொத்திலும் ஒரு கறை உண்டு. பெரிய வியாபாரத்துக்காகப் பழம் பறிக்க இப்போது தாய்லாந்து தேசத்து ஏழைகளை ஆகாய விமானத்தில் கொண்டுவருகிறார்கள். கடனை வாங்கிக்கொண்டு வந்து, வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. வழக்குகள் நீதிமன்றம் ஏறி, முதலாளிகள் தண்டனை அடைந்ததும் உண்டு.

நாம் தங்கியது யுஹன்னுஸ் பண்டிகைச் சமயம். ஜூன் மாதத்து நீண்ட பகலைக் கொண்டாடும் திருநாள். அந்த ஊரில் அப்போது சூரியன் இரவு பதினொரு மணியை ஒட்டித்தான் மறைகிறான். மறைந்தும் இருட்டு வருவதில்லை. மூன்று மணிக்கெல்லாம் மீண்டும் எழுந்துவிடுகிறான். வாசற்படியின் இரு புறமும் இளம் பிர்ச் மரங்களை வெட்டி நட்டிருந்தார்கள், நாம் வாழை கட்டுவதுபோல. மாலை ஆறு மணிக்குக் கிழவர் கறுப்புக் கோட்டு அணிந்து வந்து தேசியக் கொடியை ஏற்றினார். வருஷத்தில் மற்ற நாட்களில் அஸ்தமனத்துடன் கொடியை இறக்கிவிட வேண்டும். இந்த ஒரு இரவு மட்டும் கொடி விடிய விடியப் பறக்கலாம். 1934 முதல் இந்நாளே கொடித் திருநாளும்கூட. எதிர்க் கரையில் 'கொக்கோ' என்னும் பெருந்தீயை மூட்டினார்கள். ஏரி நெடுகிலும் இப்படி ஒவ்வொரு முனையிலும் ஒரு தீ. ஏழு விதப் பூக்களைப் பேசாமல் பறித்துத் தலையணையின்கீழ் வைத்துப் படுக்கும் கன்னிப்பெண்ணின் கனவில் வருங்காலக் கணவன் வருவான் என்பார்கள். கொசுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: தஞ்சாவூர் ஜில்லாக் கொசு அந்த ஊர்க் கொசுவிடம் பாடம் கேட்க வேண்டும்.

பண்டிகைக்கு முன் ஸ்நானம். ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய ஒரு சிறு அறை. உள்ளே அடுப்பின்மேல் கற்குவியல். கற்கள் தகதகக்கக் காய்ந்ததும் அவற்றின்மேல் தண்ணீரைத் தெளித்தால் ஆவி எழும்பி உடம்பைச் சூழ்ந்துகொள்ளும். இதுதான் ஸௌனா. உலக பாஷைகள் எல்லாம் பின்னிஷிலிருந்து வாங்கிக்கொண்ட சொல் இது. எண்பது டிகிரிச் சூட்டில் மரப்பலகைமேல் உட்கார்ந்து, இலையோடு கட்டிய பிர்ச் மிலாறுகளால் தம்மைத் தாமே அடித்துக்கொள்கிறார்கள். பிறகு ஓடிப்போய்க் குளிர்ந்த ஏரியில் விழுகிறார்கள். நாம் விழவில்லை, இறங்கினோம். நாட்டில் 56 லட்சம் பேருக்கு ஏறக்குறைய 30 லட்சம் ஸௌனாக்கள்! 1960-ல் ஜனாதிபதி கெக்கோனெனின் அறுபதாவது பிறந்த நாளுக்கு வந்த ருஷ்யத் தலைவர் குருஷ்சேவைக்கூட இந்த அறைக்குள் உட்கார்த்தி வைத்துத்தான் பேசினார்கள்.

வெளிநாட்டார் இதை உல்லாசமாக நினைக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாள் சொன்ன விஷயம் வேறு. முன்பெல்லாம் பிரசவம் நடந்தது இந்த அறையில்தான். கணகணப்பும் வெந்நீரும் சுத்தமும் உள்ள இடம் வீட்டில் இது ஒன்றே. இறந்தவர்களைக் கடைசி முறை குளிப்பாட்டியதும் இங்கேதான். கல்லிலிருந்து எழும் ஆவிக்கு 'லோய்லூ' என்று பெயர். பழங்காலத்தில் அந்தச் சொல்லுக்கு உயிர் மூச்சு என்றே அர்த்தமாம். ஸௌனாவுக்குள் உரக்கப் பேசுவதும் சண்டை போடுவதும் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைப்பார்கள்.

அந்த அம்மாள் பிறந்த ஸௌனா இப்போது வேறு தேசத்தில் இருக்கிறது. அவர் லாடோகா ஏரிக்கரையில் ஸொர்தவலாவுக்கு அருகில் 1938-ல் பிறந்தவர். மறு வருஷம் நவம்பரில் ருஷ்யா படையெடுத்தது. 1940 மார்ச்சில் சமாதானம் ஆனபோது கரேலியாவின் பெரும் பகுதி கையை விட்டுப் போயிற்று. கைக்குழந்தையாக வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். 1941-ல் மறுபடி யுத்தம். இழந்த ஊரை மீட்டு, குடும்பம் திரும்பிப் போய், எரிந்த வீட்டைக் கட்டி, நிலத்தை உழுதது. 1944-ல் இரண்டாம் தடவையும் புறப்பட நேர்ந்தது. இப்படி வீடிழந்தவர்கள் நாலு லட்சத்துக்கு மேல். தேசத்தின் ஜனத்தொகையில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல். 1945-ல் ஒரு சட்டம் செய்து, சர்க்கார் நிலத்திலிருந்தும், மிராசுதார்களிடமிருந்தும், கோயில் நிலத்திலிருந்தும் அவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். அகதி முகாம் என்று ஒன்று நீடிக்காதபடி செய்த அந்தக் காரியத்தை நாம் பெரிதும் மெச்சுகிறோம். "மாடு ஒன்று மட்டும் எங்களோடு நடந்து வந்தது. எனக்கு ஆறு வயது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்" என்றார் அம்மாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கிழவர் பேச ஆரம்பித்தார். காரணம் கோபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை ஏரியின் பெரும் பகுதியில் வலை போடக்கூடாது. பண்டிகைக்கு வலைமீன் இல்லாமல் செய்துவிட்டார்களே என்று ஆத்திரம். இந்தத் தடை எதற்காக? ஸைமா ஏரியில் மட்டும், உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சீல் வாழ்கிறது, 'நோர்ப்பா' என்பார்கள். பனியூழிக்குப் பிறகு, பனிப்பாளத்தின் பளு நீங்கிய பூமி மேலெழும்பியபோது, கடலிலிருந்து ஏரி துண்டாகி, உள்ளே அகப்பட்டுக்கொண்ட பிராணி இது. ஆகி 8,000 வருஷங்களுக்கு மேல். (மேற்குக் கரையில் பூமி இன்னமும் வருஷத்துக்கு எட்டு மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது, தகப்பன் படகு கட்டின இடத்தில் மகன் வைக்கோல் உலர்த்துகிறான்.) ஒரு காலத்தில் இந்தச் சீலைக் கொன்றால் சர்க்கார் இனாம் கொடுத்தது. 1955-ல் கொல்வதைத் தடுத்துச் சட்டம் வந்தது. ஆயினும் நைலான் வலைகளில் குட்டிகள் சிக்கி மூச்சு முட்டிச் செத்துக்கொண்டே இருந்தன. 1980-ஐ ஒட்டி மிஞ்சியவை இருநூறுக்கும் கீழே. வலைக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு இப்போது நானூறைத் தாண்டிவிட்டன.

இப்போது வந்திருப்பது புதிய ஆபத்து. நோர்ப்பா தாய் பிப்ரவரியில், உறைந்த ஏரியின் கரையோரப் பனிமேட்டைக் குடைந்து குகை செய்து குட்டி போடும். குளிர்காலங்கள் இளகி, பனி போதாமற் போகவே குகை செய்ய இடமில்லை; வெட்டவெளியில் பிறந்த குட்டியைக் குளிரும் நரியும் கொண்டுபோய்விடும். ஆகையால் 2014 முதல், பனி குறைந்த வருஷங்களில், ஊர் ஜனங்கள் தொண்டர்களாகச் சேர்ந்து ஜனவரிக் குளிரில் மண்வாரியுடன் பனிக்கட்டிமேல் நடந்துபோய், சீலுக்காகப் பனியைக் குவித்து மேடு போட்டுவிட்டு வருகிறார்கள். குட்டிகளில் பெரும் பங்கு அந்த மனிதர் செய்த மேடுகளில் பிறந்த வருஷங்கள் உண்டு.

"வலைத் தடையைத் திட்டுகிறவர் யார் தெரியுமா?" என்றார் மகள் சிரித்துக்கொண்டு. "ஐந்தாறு வருஷத்துக்கு முன்வரை அந்தப் பனியைக் குவிக்க முதலில் புறப்பட்டவர் என் அப்பாதான்."

"அது வேறு" என்றார் கிழவர்.

சீலுக்குக் காட்டிய கருணையைக் காட்டுக்குக் காட்டினார்களா என்பது நமக்குச் சந்தேகம். யுத்தத்தில் தோற்ற பின்லாந்து 22.65 கோடி டாலர் பெறுமான நஷ்ட ஈட்டை 1952-க்குள் ருஷ்யாவுக்குக் கப்பலும் இயந்திரமும் மரமும் காகிதமுமாகக் கொடுத்துத் தீர்த்தது. இதற்கும், பிறகு வந்த செல்வத்துக்கும் காட்டைத்தான் கறந்தார்கள். 1948-ல் காட்டியல் நிபுணர்கள் சிலர் சேர்ந்து, பெரிய மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டும் பழைய முறை கூடாது என்று அறிக்கை விட்டார்கள். அதன்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மொட்டையடித்து, உழுது, ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நடுவது வழக்கமாயிற்று. மரத்தின் எண்ணிக்கை குறையவில்லை. ரெயிலில் நாம் கண்டதெல்லாம் மரந்தான். ஆனால் உளுத்து விழுந்த கிழட்டு மரங்களையே நம்பி வாழும் வண்டும் காளானும் பறவையும் போன இடம் தெரியவில்லை. தெற்கே மனிதர் கை படாத முதுகாடு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. பொறுக்கி வெட்டுவதற்குச் சட்டம் மறுபடி இடம் கொடுத்தது 2014-ல்.

தங்கள் பாஷையை மிதித்தார்கள் என்று வருந்திய அதே ஜனங்கள், வடகோடியில் கலைமான் மேய்க்கும் ஸாமி மக்களின் பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கூடங்களில் அடைத்துத் தாய்மொழியை மறக்கச் செய்ததையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். இனாரி ஸாமி என்னும் பாஷையைப் பேசுகிறவர்கள் சில நூறு பேராகி, குழந்தைகள் பேசுவதே நின்றுவிடும் கட்டத்தில், 1997-ல் 'பாஷைக் கூடு' என்ற பெயரில் ஒரு குழந்தைப் பள்ளி ஆரம்பித்தார்கள். முழுக்க முழுக்க அந்தப் பாஷையிலேயே பேசி வளர்த்தார்கள். பாஷை பிழைத்துக்கொண்டது. செய்த அநீதிகளை விசாரிக்க 2021-ல் சர்க்கார் ஒரு கமிஷனையும் நியமித்தது.

புறப்படும் நாள் காலையில் கிழவர் நம்மைத் தம் காட்டுக்கு அழைத்துச் சென்றார். ஓங்கி வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்கள். தரையெல்லாம் மெத்தை போன்ற பாசி. அவருடைய தகப்பனார் நட்டவை, எழுபது வருஷத்துக்கு மேலாயின. வீட்டுக் கூரை மாற்ற வேண்டும். தமக்குப் பின் மகள் சொத்து வரி கட்ட வேண்டும். காகித ஆலைக்காரர்கள் நல்ல விலை சொல்லியிருக்கிறார்கள். வரும் பனிக்காலத்தில் மொத்தமாக வெட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். "நட்டது வெட்டத்தானே?" என்றார். மகள் ஒப்பவில்லை. பொறுக்கி வெட்டினால் போதும், பணம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் போதும், பாசி பிழைக்கட்டும் என்கிறார். இரண்டு வருஷமாக இந்த வாதம் நடக்கிறது. ஸௌனாவுக்குள் மட்டும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

பாதை திரும்பும் இடத்தில் ஒரு கிழட்டுப் பைன் மரம். அடிமரத்தில் பட்டையைச் செதுக்கி எழுத்துக்களும் வருஷங்களும் வெட்டியிருந்தன. 'கர்ஸிக்கோ' என்பார்கள். முன்னாளில் இறந்தவரைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லும்போது வழியில் ஒரு மரத்தருகே வண்டியை நிறுத்தி, இறந்தவர் பெயரின் முதலெழுத்தையும் வருஷத்தையும் மரத்தில் செதுக்குவார்கள். இறந்தவர் ஏக்கம் தாங்காமல் வீட்டை நோக்கி நடந்து வந்தால், இந்த மரத்தில் தம் பெயரைக் கண்டு, தாம் இறந்தது நினைவுக்கு வந்து, திரும்பிப் போய்விடுவாராம். கிழவரின் பாட்டனார் எழுத்தும் அதில் இருந்தது. பாசி மூடியிருந்ததை அவர் கட்டை விரலால் துடைத்துக் காட்டினார்.

"இந்த மரத்தையுமா?" என்று நண்பர் கேட்டார்.

கிழவர் நண்பரை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். வெட்டுக்கு அடையாளம் போடுவதானால் இந்த மரத்திலிருந்து நாற்பது அடி தள்ளித்தான் போட வேண்டும் என்று சொன்னாராம். முதல் நாள் வரை இருபது அடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று மகள் நமக்குத் தாழ்ந்த குரலில் தெரிவித்தார்.